புது மீன் விடும் நாள்

எங்கள் அண்ணி இந்த வீட்டில் இருந்த காலத்தில் அவரை யார் தேடி வந்தாலும் மீன் தொட்டிக்கு முன்னால்தான் கண்டுபிடிக்க வேண்டும். அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. ஊர் வழக்கில் எனக்கு நாத்தனார். அந்தச் சொல்லுக்கு நம் ஜனங்கள் சேர்த்து வைத்திருக்கிற கெட்ட பெயர் கொஞ்சநஞ்சமில்லை. அதில் ஒரு பருக்கைகூட எங்கள் அண்ணி மேல் ஒட்டாது. யாராவது ஒட்ட வைக்கப் பார்த்தால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

அரியலூரில் ஓர் அரசாங்க ஆபீஸில் அவருக்கு வேலை. காலையில் பெரம்பலூரில் பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் திரும்புவார். போகும்போதும் வரும்போதும் சிமெண்டு லாரிகளுக்குப் பின்னாலேயே பயணம். புருவமெல்லாம் வெளுத்துப்போய் வீட்டுக்குள் நுழைவார். முகம் கழுவ மாட்டார், காப்பி கேட்க மாட்டார். கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, ஹாலில் இருக்கும் நாலடிக் கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். கை ஒன்றும் செய்யாது. கண் மட்டும் வேலை பார்க்கும்.

"அப்படி என்னதான் அண்ணி பாக்குறீங்க?" என்று வந்த புதிதில் கேட்டேன்.

"யாரு எங்க நிக்கிறாங்கன்னு பாக்குறேன்."

இது ஒரு பதிலா? எனக்கு அப்போது எரிச்சல்தான் வந்தது. அடுப்படியில் நான் ஒருத்தி சின்ன வெங்காயம் உரித்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டு கிடக்கிறேன், இவர் மீனுக்கு வருகைப் பதிவு எடுக்கிறாராம். ஆனால் முக்காலியை விட்டு எழுந்த மறுநிமிஷம் அவரும் அரிவாள்மனைக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவார். என் கோபத்தை நீட்டி முழக்க அவர் ஒரு நாளும் இடம் கொடுத்ததில்லை.

அந்தத் தொட்டியில் அப்போது இருந்தவை நீலக் கோடு போட்ட குட்டி மீன்கள். கடையில் ஜீப்ரா என்பார்கள். கூட்டமாகவே திரியும். ஒன்று திரும்பினால் எல்லாம் திரும்பும். ஒரு நாள் அண்ணி கண்ணாடியில் விரலை வைத்து, "இவ கொஞ்சம் லேட்டா திரும்புறா, இவளுக்கு என்னமோ ஆவுது" என்றார். எனக்கு எல்லா மீனும் ஒரே மாதிரிதான் தெரிந்தது. உள்ளுக்குள் சிரித்தேன். ரெண்டு நாளில் அந்த மீன் துடுப்பை ஒட்டிக்கொண்டு மூலையில் போய் நின்றது. அதற்குள் அண்ணி தனிப் பாத்திரத்தில் உப்புத் தண்ணீர் கலந்து தயாராய் வைத்திருந்தார். அது பிழைத்துக்கொண்டது.

"கூட்டத்துல இருக்குற ஜீவன் ஒதுங்குதுன்னா அதுக்குக் காரணம் இருக்கும் புள்ள" என்பார். இந்த ஒரு வாக்கியத்தை மீனுக்கு மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் நான் இதை எழுதவே வந்திருக்க மாட்டேன்.

வாலிகண்டபுரத்தில் ஒரு காதுகுத்து. என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, பந்தியில் சாம்பார் வாளியோடு ஓடிக்கொண்டிருந்தார். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பு மேளச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. அண்ணி என் காதருகில் குனிந்து, "பெரியவ ஒதுங்குறா" என்றார்.

"யாரு, அக்காவா? இங்க இருக்குறவங்கள்லயே சத்தமா சிரிக்கிறது அவங்கதானே அண்ணி."

"சிரிப்ப உடு. காலப் பாரு. யாரு பக்கத்துலயாவது நிக்கிதா?"

பார்த்தேன். அட, ஆமாம். ஓர் ஆளிடம் ரெண்டு வார்த்தை, உடனே நகர்ந்துவிடுகிறார். யார் கையும் அவர் மேல் படுகிற தூரத்தில் அவர் நிற்கவே இல்லை. அண்ணி எழுந்து போய் வாளியை வாங்கி வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, அக்காவைத் தன் பக்கத்து இலையில் உட்கார வைத்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. பாயசம் வரைக்கும் தோளோடு தோள் உரசச் சாப்பிட்டார். கை கழுவுகிற இடத்தில் அக்கா உடைந்துவிட்டார். மார்பில் ஒரு கட்டி. மாதக்கணக்காய் யாரிடமும் சொல்லாமல் புழுங்கியிருக்கிறார். மறுநாளே திருச்சிக்கு அழைத்துப் போனோம். நேரத்தோடு வந்தீர்கள் என்றார் டாக்டரம்மா. அக்கா இன்றைக்கும் நன்றாக இருக்கிறார், என்னோடு சண்டை போடுகிற தெம்போடு இருக்கிறார்.

அன்றிலிருந்து அண்ணி என்னைப் பார்த்தாலே நான் யார் பக்கத்திலாவது போய் நின்றுகொள்வேன். நான் எந்தப் பக்கம் ஒதுங்குகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிடுமே.

ஆனால் அவர் யாரென்று நான் முழுசாகப் புரிந்துகொண்டது அதற்கெல்லாம் முன்பே, எனக்குக் கல்யாணமான முதல் வருஷத்தில். அதற்குக் காரணம் என் வீட்டுக்காரர் செய்த ஓர் அசட்டு வேலை.

நம் ஆட்களுக்கு எதையும் ஜோடியாய் வாங்கினால்தான் திருப்தி. குத்துவிளக்கா, ஜோடி. காளையா, ஜோடி. புது மாப்பிள்ளை அல்லவா, இவர் திருச்சிக்குப் போனவர் ஒரு ஜோடி மீன் வாங்கி வந்தார். உடம்பில் கறுப்புப் பட்டை, துடுப்பில் சிவப்பு. டைகர் என்று பெயராம். "நீயும் நானும்" என்று என்னிடம் காட்டிச் சிரித்தார். எனக்கும் பெருமைதான், பொய் சொல்வானேன்.

அண்ணி ஆபீஸிலிருந்து வருவதற்குள் அவரே அவற்றைத் தொட்டியில் விட்டுவிட்டார். நாலு நாள்கூட ஆகவில்லை. பெரியது சின்னதை விரட்டிக்கொண்டே இருந்தது. வேறு வேலையே இல்லை அதற்கு. சின்னதின் வால் கந்தல். பம்புக்குப் பின்னால் போய்த் தலையைச் செருகிக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்து "நீயும் நானும்" என்று சொன்னவரை நான் ஒரு பார்வை பார்த்தேன், அவர் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அண்ணி முக்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். "ஜோடி கட்டுறதெல்லாம் நம்ம பழக்கம். இதுங்களுக்குக் கூட்டம் வேணும்" என்றார். "ரெண்டே பேரு இருந்தா ஒருத்தன் வெரட்டுவான், ஒருத்தன் ஓடுவான். எட்டுப் பேரு இருந்தா வெரட்டுறவனுக்கே யாரை வெரட்டுறதுன்னு மறந்துபோயிடும்."

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துத் திருச்சிக்குப் போய் அதே மீனில் இன்னும் ஆறு வாங்கி வந்தார். ஒரு மீனுக்குத் துணையாக ஆறு மீனா என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். கலியாணம் வேண்டாமென்று நின்றவளுக்கு மீனுக்குச் சொந்தம் சேர்க்கத் தெரிகிறது என்றும் ஒரு குத்து குத்தினார். அண்ணிக்கு அப்போது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. ஏன் கல்யாணம் செய்யவில்லை என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அண்ணியைக் கேட்டால் மீனுக்குத் தீனி போட எழுந்துவிடுவார்.

புது மீன்களின் பையைக் கட்டுப் பிரிக்காமலே தொட்டித் தண்ணீரில் மிதக்க விட்டார். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தோள்பட்டை வரைக்கும் கையை உள்ளே விட்டார். கல்லையெல்லாம் பிடுங்கினார். இந்த மூலையில் இருந்த மரக்கட்டை அந்த மூலைக்குப் போனது. செடியை வேரோடு எடுத்து நடுவில் நட்டார். அத்தனை அழகாய் இருந்த தொட்டி, பெருமழை வந்து போன வாய்க்கால் மாதிரி ஆகிவிட்டது. பழைய மீன்கள் திக்குத் தெரியாமல் சுற்றின.

"ஏன் அண்ணி எல்லாத்தையும் கலைக்கிறீங்க? நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லா இருந்தது பழசுங்களுக்கு. இந்தப் பெருசு கட்டைக்கு அடியில பட்டா வாங்கி வெச்சிருக்கு. அந்த நீலக்கோடுங்களுக்குச் செடிக்குப் பின்னால பட்டா. புதுசு எங்க போயி நின்னாலும் அது இன்னொருத்தர் எடம். வெரட்டாம என்ன பண்ணும்? எல்லாத்தையும் கலைச்சுட்டா எல்லாருமே புதுசு. எடம் தேடி அலையுறப்ப யாரு யாரை வெரட்டுறது?"

உரித்துக்கொண்டிருந்த வெங்காயம் என் கையிலேயே நின்றுவிட்டது.

இந்த இடத்தில் என் கல்யாணத்தைச் சொல்ல வேண்டும். நான் அரும்பாவூர்க்காரி. சம்பந்தம் முடிவானபோதே எங்கள் ஊரில் என் அம்மாவிடம் சொன்னார்கள்: "அந்த வூட்டுலயா பொண்ணு குடுக்குற? அந்தம்மா அடுப்படியில ஒரு கரண்டியக்கூட எடம் மாத்த முடியாதாமே." உண்மைதான். அக்கா வாக்கப்பட்டு வந்த வருஷத்தில் புளிப்பானையை இடம் மாற்றி வைத்ததற்காக மாமியார் வாரக்கணக்கில் பேசவில்லை. அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய், பெரியவர்கள் பேசிக் கூட்டி வந்து, மறுபடி போய் என்று ஏக களேபரம். நானும் அப்படிப் பெட்டியோடு அரும்பாவூர் பஸ்ஸில் போய் இறங்குவேனோ என்று தாலி ஏறும்போதுகூட நடுங்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் குளித்துவிட்டு, சாமியைக் கும்பிட்டுக்கொண்டு அடுப்படிக்குள் போனேன். உள்ளே மாமியார் நட்ட நடுவில் இடுப்பில் கை வைத்து நிற்கிறார். "காப்பித்தூளக் காணோம்!" அக்கா ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடுகிறார். கடுகு டப்பாவில் கடுகில்லை, உப்பு ஜாடி இருந்த இடத்தில் அரிவாள்மனை. நானும் தேடினேன். இட்லிப் பானைக்குப் பின்னால் என் கைக்குத்தான் கிடைத்தது. "புள்ள கண்டுபிடிச்சுட்டா பாரு!" என்று மாமியார் சத்தமாகச் சொன்னார். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் வார்த்தை அதுதான். பிறகு ஒரு மாதம் வரைக்கும் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்தே எதையாவது தேடிக்கொண்டிருந்தோம். மாமியார் என்னிடம் கேட்பார், நான் அக்காவிடம் கேட்பேன், அக்கா மாமியாரிடம் கேட்பார். அப்படியே பேச்சுப் பழகிவிட்டது.

கல்யாணத்துக்கு வெள்ளையடித்தபோது வெளியே எடுத்து வைத்த சாமான்களை முதல் நாள் திரும்ப அடுக்கியது அண்ணியாம். புத்தியில்லாமல் கண்ட இடத்தில் வைத்துவிட்டாள் என்று மாமியார் எல்லார் முன்னாலும் திட்டியிருக்கிறார். ஹாலில் பீரோ மாறியிருந்தது, டிவி மாறியிருந்தது. கிழக்கு ஜன்னல் வைத்த அறை அதுவரை அண்ணியுடையது. அது எங்களுக்கு வந்து, அண்ணியின் கட்டில் ஹாலில் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. நான்கூட நினைத்தேன், படித்து வேலைக்குப் போகிற பெண்ணுக்கு வீட்டு வேலை ஓடவில்லை போலிருக்கிறது என்று.

"அண்ணி, என் கல்யாணத்தப்ப அடுப்படியக் கலைச்சது…"

"அந்த வலைய எடு" என்றார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வலையை எடுத்துக் கொடுத்தேன். யாரென்றே தெரியாத ஒருத்தி அரும்பாவூரிலிருந்து வரப்போகிறாள். அவள் பயப்படக் கூடாதென்று ஒரு மனுஷி தனக்குப் பிடித்த ஜன்னலை விட்டுக் கொடுத்து, ஒரு வீட்டையே பிரித்து அடுக்கி, அதற்குத் திட்டும் வாங்கிக்கொண்டு, வாயே திறக்காமல் மீன் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்திருக்கிறார். தாயே, இப்படியும் ஒரு பிறவி உண்டா! அந்தப் புது மீன்கள் பையிலிருந்து வெளியே வந்ததையும், பெரியது அவற்றை விரட்ட மறந்து தன் கட்டையைத் தேடி அலைந்ததையும், வால் கந்தலான சின்னது ஆறோடு ஏழாய்ப் போய் நின்றதையும் நான் கண்ணீரோடுதான் பார்த்தேன். வெங்காயம் என்று சொல்லிக்கொண்டேன்.

அந்த அண்ணிக்கு நாற்பது தாண்டிய பிறகு கல்யாணம் கூடி வந்தது. அவரோடு வேலை பார்க்கிறவர், மனைவியை இழந்தவர், அதிகம் பேசாத மனுஷர். அண்ணியே வந்து, "எனக்கு இவரைப் புடிச்சிருக்கு" என்று சொன்னபோது மாமியார் உடனே சிறுவாச்சூர்க் காளிக்கு வேண்டிக்கொண்டு, அடுத்த வெள்ளிக்கிழமையே மாவிளக்குப் போட்டார்.

நிச்சயத்துக்கு அரியலூரில் அவர்கள் வீட்டுக்குப் போனோம். மாப்பிள்ளையின் அம்மா, அப்புறம் மாப்பிள்ளையின் தங்கை. அந்தத் தங்கை புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டோடு வந்துவிட்டவர். அண்ணன் மனைவி போன பிறகு வீட்டைத் தாங்கி நிறுத்தியதே அவர்தான். கெட்டவர் இல்லை. ஆனால் காப்பி கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே சொன்னார்: "எங்க வூட்டுல வெச்சது வெச்ச எடத்துல இருக்கும்ங்க. கண்ணக் கட்டி உட்டாலும் கடுகு எங்க இருக்கு, மொளகு எங்க இருக்குன்னு கையி போயிடும். யாரையும் தொட உட மாட்டேன்."

அடுப்படி முழுக்கப் பட்டா! திரும்பி வரும்போது அண்ணியிடம் சொன்னேன். "போயிப் பாப்போம்" என்றார், அவ்வளவுதான்.

"மீனுல பாதியாவது எடுத்துட்டுப் போங்க அண்ணி."

"கூட்டத்தப் பிரிக்கக் கூடாது புள்ள. பாதி பாதியா ஆனா ரெண்டு பக்கமும் பயந்து கெடக்கும். எல்லாம் இங்கயே இருக்கட்டும், நீ பாத்துக்க."

ஒத்தை மீனை ஒரு தொட்டியிலும் விடச் சம்மதிக்காதவர், தான் மட்டும் ஒத்தையாய்ப் போகிறார். அவருக்கு யார் தொட்டியைக் கலைத்து வைப்பார்கள்?

கல்யாணத்துக்கு முதல் நாள் சீர் சாமான்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றி அரியலூருக்கு அனுப்பினோம். பீரோ, கட்டில், பித்தளை, எவர்சில்வர் எல்லாம். இறக்கி வைக்க மாமியாரும் அக்காவும் நானும் பின்னாலேயே காரில் போனோம். வழியில் நான் தயங்கித் தயங்கி மாமியாரிடம் என் யோசனையைச் சொன்னேன். எதற்கு அப்படிச் செய்ய வேண்டும் என்பதை எங்கே தொடங்குவது என்று திணறியபோது அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்:

"என் அடுப்படிய யாரு, எதுக்குக் கலைச்சாங்கன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? பெத்தவடி நானு. மொத நாளு கோவந்தான், இல்லங்கல. மறுநா காலையில நீ நடுங்கிக்கிட்டு வந்து நின்ன பாரு, அப்பத்தான் புரிஞ்சுது."

நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"காப்பித்தூளு இட்லிப் பானைக்குப் பின்னால இருந்தத நானும் பாத்தேன். நீ எடுக்கட்டும்னு உட்டுட்டேன்."



அரியலூரில் போய் இறங்கியதும் எங்கள் மாமியார் பழைய மாமியார் ஆகிவிட்டார். பீரோவை உள்ளே கொண்டுவந்ததும், "வாசலுக்கு நேரா பீரோ ஆவாதுங்க சம்பந்தி" என்று ஒரே போடு. பீரோவுக்கு இடம் வேண்டுமென்றால் கட்டில் நகர வேண்டும். கட்டில் நகர்ந்தால் அவர்கள் வீட்டுப் பழைய பீரோவும் அரிசி டிரம்மும் நகர வேண்டும். டிரம் அடுப்படிக்குப் போனால் அலமாரியைக் காலி பண்ணாமல் முடியுமா? நானும் அக்காவும் எடுத்து நீட்டிக்கொண்டே இருந்தோம்.

"ஏங்க, அதை ஏங்க நவுத்துறீங்க?" என்று அந்தத் தங்கை பின்னாலேயே ஓடி வந்தார். குரல் அழுகிற மாதிரி ஆகிவிட்டது. எனக்கே பாவமாய் இருந்தது. அவரையும் ஒதுக்கிவிட்டால் அது அண்ணியின் வழி ஆகாதே. மாமியார் அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்தி, "நீயே சொல்லும்மா, உனக்கு எட்டுற மாதிரி எங்க வெக்கலாம்?" என்றார். கேட்டுக் கேட்டு வைத்தார், கேட்காமலும் வைத்தார். மேல் பரணிலிருந்த கனத்த இரும்பு உரலைக் கீழே இறக்கியதும் மாப்பிள்ளையின் அம்மா, "அப்பாடி, இதத்தான் ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்று முணுமுணுத்தார். சாயங்காலம் அந்தத் தங்கை ஓர் அட்டைப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, "எங்க வூடு எனக்கே தெரியலயே" என்றார்.

மறுநாள் பெரம்பலூர் மண்டபத்தில் தாலி கட்டி முடிந்து, மத்தியானம் பொண்ணு மாப்பிள்ளையை அரியலூருக்கு அழைத்துப் போனோம். வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார் அண்ணி. வந்ததும் வழக்கம்போல நின்றார். பார்த்தார்.

அடுப்படியில் டப்பாக்கள் உருளுகிற சத்தம். "பால் காய்ஞ்சுடுச்சு, சக்கரை எங்கம்மா வெச்சோம்?" என்று தங்கையின் குரல். "எனக்கென்னடி தெரியும்? எல்லாந்தான் தலைகீழாக் கெடக்கே!" என்று அம்மாவின் குரல்.

அண்ணியின் கண் சுவருக்குப் போனது. பழைய பீரோ நின்றிருந்த இடம் மட்டும் புது வெள்ளையாய்த் தெரிந்தது. அங்கிருந்து கட்டிலுக்கு, கட்டிலிலிருந்து என்னிடம், என்னிடமிருந்து தன் அம்மாவிடம். மாமியார் திடீரென்று முந்தானையைச் சரிசெய்ய ஆரம்பித்துவிட்டார். அத்தனை வருஷத்தில் அண்ணி அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கு மூக்கு நுனி சிவந்து, உதடு கோணி, மாலையோடு அப்படியே நின்றார். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. அக்கா என் கையைக் கிள்ளினார்.

பிறகு அண்ணி மாலையைக் கழற்றி மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். "இருங்க அத்தை, நானும் தேடுறேன்" என்றார்.

மூன்று பேரும் தேடினார்கள். சர்க்கரை டப்பா அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்தது. வைத்ததே நான்தான். வாசற்படியில் நின்றுகொண்டு, வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.